கோட்டொர் வளைகுடால அரை நாள் போட் ட்ரிப், 67 வயசு அம்மாவ கூட்டிட்டுப் போகலாமா?

முத்துநகர்_ஜெனி

எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர் முதல் வாரம் மாண்டினீக்ரோ போறோம், நான், வீட்டுக்காரர், 7 வயசு பையன், அப்புறம் ஊர்ல இருந்து வந்திருக்க எங்க அம்மா. முனிக்ல இருந்து டுப்ரோவ்னிக் ஃப்ளைட்டு, அங்க மூணு நாள், பஸ்ல கோட்டொர் வந்து ரெண்டு நைட். திரும்புற அன்னைக்கு காலைல மட்டும்தான் போட்டுக்கு டைம் இருக்கு, சாயங்காலம் பஸ்ஸப் பிடிக்கணும்.

நெட்ல பாத்தா எல்லாரும் ஒரே ட்ரிப்பதான் சொல்லுதாங்க, ஸ்பீட் போட்ல 3 மணி நேரம், பெராஸ்ட் தீவு, சப்மரீன் குகை (பழைய யூகோஸ்லாவியா நேவி சப்மரீன ஒளிச்சு வச்ச சுரங்கம்), வளைகுடா வாய்ல இருக்க மாமுலா கோட்டை, கடைசில ப்ளூ கேவ். பையன் சப்மரீன் சப்மரீன்னு ஒரு மாசமா உயிர எடுக்கான். ஆனா அம்மாவுக்கு இடுப்புல டிஸ்க் ப்ராப்ளம், டாக்டர் ஆட்டோல கூட பாத்துப் போகச் சொல்லிருக்காங்க. கடலுக்கு அம்மா பயப்பட மாட்டாங்க, தூத்துக்குடில கடற்கரைத் தெருவுல பிறந்து வளந்தவங்க, எங்க தாத்தா கொழும்புக்கு ஓடுன தோணில தண்டல், அதாவது கேப்டன். கல்யாணம் ஆன பிறகு அம்மா படகுலயே ஏறுனது இல்ல, இந்த ஒரு தடவயாவது ஏத்தணும்னு எனக்கு ரொம்ப ஆசை. போனவங்க யாராவது உள்ளத உள்ளபடி சொல்லுங்க, அந்த ஸ்பீட் போட்டு தாங்குமா, இல்ல வேற வழி இருக்கா?

ஆம்ஸ்டர்டாம்_கார்த்தி

வேணாம் சிஸ்டர், டிஸ்க் ப்ராப்ளம்னா அந்த போட்ல அம்மாவ ஏத்தவே ஏத்தாதீங்க. போன வருஷம் ஜூலைல நாங்க இதே ட்ரிப்தான் போனோம், பன்னெண்டு பேர் போட். கோட்டொர்ல இருந்து பெராஸ்ட் வரைக்கும் தண்ணி எண்ணெய் ஊத்தின மாதிரி இருந்துச்சு, சப்மரீன் சுரங்கம் வரைக்கும் கூட ஓகே. மாமுலா தாண்டி வெளிக்கடலுக்கு வந்ததும்தான் ஆரம்பிச்சுது, ஒவ்வொரு அலைக்கும் போட்டோட மூக்க மேல தூக்கி டொம்முன்னு கீழ போடுது, என் வைஃப் முன் சீட்ல உக்காந்திருந்தா, அப்புறம் ரெண்டு நாள் குனிய முடியல அவளால. நடுவுல ஸ்லோவா போங்கன்னு கேட்டோம், அடுத்த ட்ரிப்புக்கு ஆள் நிக்குதுன்னு ஓட்டுறவர் காதுலயே வாங்கல. இது எல்லா போட்டும் அப்படின்னு சொல்லல, நாங்க போன போட் அப்படி.

ஆனா ஒண்ணு, ப்ளூ கேவ் ஏமாத்து இல்ல. லுஷ்திட்சா தீபகற்பத்தோட வெளிப்பக்கம் பாறைல ஒரு ஓட்டை, உள்ள போட்டே நுழையுது, எஞ்சின மெதுவாக்கினதும் கீழ இருந்து யாரோ லைட் போட்ட மாதிரி தண்ணி நீலமா எரியுது. கைய விட்டா கையும் நீலம். வெயில் தண்ணிக்குள்ள பூந்து அடில இருக்க வெள்ளை மணல்ல பட்டு மேல வர்றதால அப்படி. பதினஞ்சு நிமிஷம் நீந்த விட்டாங்க. பையன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான்.

அதனால என் ஐடியா, உங்க வீட்டுக்காரரும் பையனும் ஸ்பீட் போட்ல போகட்டும், நீங்களும் அம்மாவும் வேற ஏதாவது பண்ணுங்க. போறவங்க எஞ்சின் பக்கம் பின் சீட்ட பிடிக்கச் சொல்லுங்க, மூக்குப் பக்கம் அடிக்கிற அடி பின்னாடி பாதி கூட இருக்காது.

சூரிச்_வசந்தி

ஜெனி, உங்கட அம்மாவ பெராஸ்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, வேற ஒண்டும் யோசிக்க வேண்டாம். நாங்கள் ரெண்டு வருஷத்துக்கு முந்தி சூரிச்சில இருந்து காரில போனனாங்கள், என்ர மாமியும் வந்தவ, அவவுக்கு அப்ப 72.

கோட்டொரில இருந்து பெராஸ்ட் 12 கிலோமீட்டர்தான், லோக்கல் பஸ் இருக்கு. ஒரு விஷயம் மட்டும் கவனம், மெயின் ரோட் ஊருக்கு மேலால போகுது, பஸ் அங்க இறக்கினா கீழ கரைக்கு படி இறங்கோணும், அம்மாவுக்கு அது கஷ்டமெண்டா டாக்ஸில போறது நல்லம். கரையில நிண்டா முன்னால ரெண்டு சின்னத் தீவு தெரியும். சைப்ரஸ் மரங்களோட இருக்கிறது சென் ஜோர்ஜ் தீவு, பழைய மடமும் சவக்காலையும் இருக்கு, அங்க ஆக்கள விடுறேல்ல. மற்றது கோஸ்பா ஓட் ஷ்க்ர்ப்யேலா, பாறை மாதா எண்டு சொல்லலாம், நீங்கள் போறது அங்க. சின்ன மரப்போட்டுகள், மேல துணிக்கூரை, கத்திக் கத்திக் கூப்பிடுவினம், அஞ்சு பத்து நிமிஷத்தில தீவு. நாங்கள் போகேக்க போய் வர ஆளுக்கு 5 யூரோ.

அந்தத் தீவு இயற்கையா வந்த தீவில்ல. 1452 ஜூலை 22 அண்டைக்கு கடலுக்குள்ள ஒரு பாறையில மாதாவின்ர படம் ஒண்ட மீனவர் கண்டெடுத்ததாம், அங்க கோயில் கட்டுறதெண்டு நேர்ந்து, ஒவ்வொரு பயணம் முடிஞ்சு வரேக்கையும் அந்த இடத்தில கல்லுப் போட்டுப் போட்டு, பழைய கப்பலுகளையும் கல்லு நிரப்பித் தாட்டு, மனுசர் உண்டாக்கின நிலம். இப்பவும் ஒவ்வொரு வருஷமும் ஜூலை 22 பின்னேரம் போட்டுகள ஒண்டோட ஒண்டு கட்டி வரிசையாப் போய் கல்லுப் போடுவினம், ஃபாஷினாடா எண்டு பேர். உள்ளுக்க சுவர் முழுக்க ட்ரிபோ கொகொல்யா எண்ட பெராஸ்ட் ஊர்க்காரன் கீறின படங்கள், 68 படம். மாமி அதில ஒண்டையும் பாக்கேல்ல. ஒரு தையல் வேலைக்கு முன்னால போய் நிண்டவ, நிண்டவதான். யாசின்டா குனிச் எண்ட பெண் கடலுக்குப் போன தன்ர ஆளுக்காகக் காத்திருந்து 25 வருஷமா தைச்ச படமாம். தேவதைப் பிள்ளையளின்ர தலைமயிருக்கு தன்ர தலைமயிரையே வைச்சுத் தைச்சிருக்கிறா. கிட்டப் போய் பாத்தா விளங்கும், சில தலையில பொன்னிறம், சில தலையில வெள்ளை, தைக்கத் தைக்க அவவுக்கு நரைச்சிட்டுது. மாமி வெளியில வந்து கனநேரம் கதைக்கேல்ல. அவவின்ர தம்பியும் கடலாலதான் போனவர், 85ல, பேந்து ஒரு தகவலும் இல்ல.

செகண்ட்_ஆபீசர்

மர்ச்சன்ட் நேவில இருக்கேன், அட்ரியாடிக் கடல்ல பார், கோப்பர், வெனிஸ் துறைமுகம்னு நிறைய ஓட்டம் ஓடிருக்கேன், அதனால காத்து விஷயம் மட்டும் சொல்றேன், ஏன்னா போட் ஏஜென்ட் இத சொல்ல மாட்டாங்க.

கோடைல அங்க நல்ல வானிலைன்னா மாஎஸ்ட்ரல்னு வடமேற்குக் காத்து வரும். காலைல கண்ணாடி மாதிரி கிடக்குற கடல்ல பத்து பதினொரு மணிக்கு மேல ஆரம்பிச்சு மதியம் ரெண்டு மூணு மணிக்கு நல்லா வீசி பொழுது சாய அடங்கிடும். ஆபத்தான காத்து இல்ல, ஆனா சின்ன போட்ட குலுக்கி எடுக்கும். கார்த்தி சார் வாங்கின அடி அனேகமா இதுதான், மதியம் போயிருப்பீங்க. ப்ளூ கேவ்ல நீலம் நல்லா தெரிய வெயில் ஏறணும், கடல் அமைதியா இருக்க வெயில் ஏறக் கூடாது, ரெண்டுக்கும் நடுவுல 9 மணி வாக்குல கிளம்புறதுதான் சரியா வரும்.

பயப்பட வேண்டியது யூகோவுக்கு. தென்கிழக்குக் காத்து, மேகம் மூடும், புழுக்கமா இருக்கும், ரெண்டு மூணு நாள் விடாம வீசி அலைய வளத்துக்கிட்டே போகும். வளைகுடாவோட வாய் தெற்கப் பாத்து திறந்திருக்கறதால யூகோ அடிச்சா வெளிக்கடல் அலை நேரா உள்ள வரும், அன்னைக்கு யாராவது ப்ளூ கேவ் போகலாம்னு கூப்பிட்டா போகாதீங்க, பணம் போனா போகட்டும். பூரான்னு ஒண்ணு வடகிழக்குல மலை மேல இருந்து விழும், அது பெரும்பாலும் குளிர்கால விஷயம்.

ஆனா பெராஸ்ட், கோட்டொர் பக்கம் கதையே வேற. உள் வளைகுடாவுக்கும் வெளி வளைகுடாவுக்கும் நடுவுல வெரிகேன்னு ஒரு இடுக்கு, குறுகலான இடத்துல சுமார் 340 மீட்டர்தான். வெளிக்கடல் அலை அதத் தாண்டி வராது. உள்ள நீங்க பாக்குற ஆட்டம் எல்லாம் க்ரூஸ் கப்பலும் ஸ்பீட் போட்டும் விட்டுட்டுப் போற அலை, அதனால கோட்டொர்ல அன்னைக்கு எத்தன க்ரூஸ் கப்பல் வருதுன்னு போர்ட் லிஸ்ட்ல பாத்துட்டு கூட்டம் இறங்குறதுக்கு முன்னாடி போயிடுங்க. (இந்த வளைகுடாவ ஃபியோர்டுன்னு போர்டுல எழுதி வச்சிருப்பாங்க, பையன் கேட்டா சொல்லுங்க, ஃபியோர்டுன்னா பனியாறு வெட்டினது, இது அப்படி இல்ல, ஆத்துப் பள்ளத்தாக்கு கடல்ல மூழ்கினது.)

அம்மாவுக்கு இன்னொரு நல்ல விஷயம், அங்க கடல் தண்ணி ஏத்தம் வத்தம் ரொம்ப கம்மி, ஒரு முழத்துக்குள்ளதான். போட்டுக்கும் கரைக்கும் உள்ள உயரம் நாள் பூரா ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். தாழ்வான போட்டா பாத்து ஏத்துங்க, தாண்டிக் குதிக்க விடாதீங்க, உக்காந்து கால உள்ள வைக்கச் சொல்லுங்க.

அப்புறம் கேக்காத கேள்விக்கு ஒரு பதில். அம்மா இந்தியன் பாஸ்போர்ட்தானே? செல்லுபடியாகுற ஷெங்கன் விசா (பல ஐரோப்பா நாட்டுக்குச் சேத்து ஒரே விசா) இருந்தா மாண்டினீக்ரோக்குள்ள 30 நாள் வரைக்கும் தனி விசா வேணாம். ஆனா க்ரோஷியா 2023 ஜனவரி 1ல இருந்து ஷெங்கன் உள்ள, மாண்டினீக்ரோ வெளிய. கோட்டொர் போயிட்டு டுப்ரோவ்னிக் திரும்பறது ரெண்டாவது என்ட்ரி கணக்கு. அம்மா விசா மல்டிபிள் என்ட்ரியா இல்லயான்னு இன்னைக்கே ஸ்டிக்கர எடுத்துப் பாருங்க. பார்டர்லயும் க்யூ நீளமா நிக்கும், ஃப்ளைட் அன்னைக்கு அந்த பஸ்ஸ நம்பாதீங்க.

முத்துநகர்_ஜெனி

விசாவ இப்பதான் ஓடிப் போய் பாத்தேன், மல்டிபிள்தான், கும்பிட்டுக்கிடுறேன் உங்கள. இது எனக்குத் தோணவே இல்ல. வசந்தி அக்கா, மாமி பத்தி எழுதுனத அம்மாட்ட வாசிச்சுக் காட்டுனேன், "அங்க போவோம்"னு மட்டும் சொன்னாங்க. அப்ப அப்படியே முடிவு, வீட்டுக்காரரும் பையனும் 9 மணி ஸ்பீட் போட்டு, நானும் அம்மாவும் பெராஸ்டு. போயிட்டு வந்து எழுதுதேன்.

முத்துநகர்_ஜெனி

போயிட்டு வந்தாச்சு, அடுத்து போறவங்களுக்கு உதவும்னு எழுதுதேன்.

எட்டரைக்கு டாக்ஸில பெராஸ்டு கரைல இறங்கியாச்சு, அப்ப ஊர்ல பூனைங்க மட்டும்தான். இவங்க ரெண்டு பேருக்கும் அங்கேயே போட்டு கிடைச்சுட்டு, கோட்டொர்ல இருந்து ஏறுறத விட தூரம் கம்மி. அவங்க கிளம்பும்போது அம்மா தண்ணியப் பாத்துட்டே நின்னாங்க, அப்புறம் எங்க வீட்டுக்காரர்ட்ட "கச்சான் எடுக்கும் போல இருக்கு, பத்து பத்தரைக்குள்ள வெளிய போயிட்டு திரும்பிருங்க"ன்னாங்க. கச்சான்னா எங்க ஊர்ல மேல்காத்து. அப்ப இலை அசையல. இவரு அத போட்டுக்காரர்ட்ட அப்படியே சொல்ல, அவரு அம்மாவத் திரும்பிப் பாத்து தலைய ஆட்டிட்டு, சப்மரீன் சுரங்கத்தத் திரும்பி வரும்போது வச்சுக்கிட்டு முதல்ல நேரா கேவுக்கு விட்டிருக்காரு. பதினோரு மணிக்கு நாங்க தீவுல இருக்கும்போது காத்து வந்து என் தொப்பிய தூக்கிட்டுப் போச்சு.

தீவுக்குப் போட்டுல ஏறும்போது நான் கையப் பிடிக்க முன்னாடியே அம்மா சேலைய ஒரு கைல சுருட்டிக்கிட்டு விளிம்புல உக்காந்து கால உள்ள போட்டுட்டாங்க, ஆபீசர் சார் சொன்ன அதே மாதிரி. நாப்பது வருஷம் கழிச்சு. நடுவுல உக்காராம பின்னாடி சுக்கான் பக்கத்துல போய் உக்காந்துக்கிட்டாங்க.

கோயில்குள்ள தையல் படமும் பாத்தோம், வசந்தி அக்கா சொன்னது அத்தனையும் உண்மை, அந்த வெள்ளை முடிய நான் மொபைல் லைட் இல்லாமலே பாத்தேன். ஆனா எங்க அம்மா நின்ன இடம் வேற. சுவத்துல வரிசையா வெள்ளித் தகடு, ஆயிரக்கணக்குல, புயல்ல தப்பிச்ச கப்பல்காரங்க கொடுத்த நேர்ச்சை. ஒவ்வொண்ணுலயும் ஒரு கப்பல், பாய் சாஞ்சிருக்கு, அலை, மூலைல மேகத்துல மாதா. வேளாங்கண்ணில உண்டியல்ல போடுற தகடு மாதிரியே, ஆனா பெருசு. அம்மா ஒரு தகட்டுல விரல கிட்ட கொண்டு போய், தொடாம, "இது பாய்மரம் முறிஞ்சிருக்கு பாரு, இது சுக்கான் போயிருக்கு"ன்னு ஒவ்வொண்ணா எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. தாத்தா தோணி ஒரு தடவ மன்னார் பக்கம் பாய் கிழிஞ்சு மூணு நாள் கழிச்சு கரை சேந்ததாம், பனிமய மாதாவுக்கு ஆச்சி நேந்துக்கிட்டாங்களாம். எனக்கு 38 வயசு, இத இப்பதான் கேக்கேன்.

ரெண்டு மணி நேரம் அங்கேயே இருந்தோம், கூட்டிட்டுப் போன போட்டுக்காரர் அரை மணிக்கொரு தடவ வந்து போறதால அவசரமே இல்ல. பத்து மணிக்கு மேல க்ரூஸ் கூட்டம் வந்து உள்ள நிக்க முடியல, அதனால சீக்கிரமே போங்க. நிழல் கம்மி, தண்ணி பாட்டில் கொண்டு போங்க. தீவு ஓரத்துல இருக்க கல்லு வழுக்கும், தண்ணிக்கடியில கடல் முள்ளெலி இருக்கு, பிள்ளைங்கள வெறுங்காலோட இறக்காதீங்க.

பையன் முழுசா நனைஞ்சு வந்தான், சுரங்கத்துக்குள்ள கத்துனா மூணு தடவ எதிரொலிக்குதாம், பஸ்ல டுப்ரோவ்னிக் வர வரைக்கும் அதத்தான் சொன்னான். பார்டர்ல ஒண்ணே முக்கா மணி நேரம் நின்னுச்சு. அம்மாவுக்கு இடுப்பு வலிச்சது அந்த பஸ்லதான், போட்டுல இல்ல.

சூரிச்_வசந்தி

வாசிச்சு முடிச்சிட்டு மாமிக்கு ஃபோன் போட்டனான் ஜெனி. அம்மா சொன்ன தோணிக்கு என்ன பேர் எண்டு கேக்கச் சொல்லுறா.