குண்டுவீச்சும் மன உறுதியும்: உளவுக் கணிப்புகள் ஏன் பொய்த்தன?

கேள்வி:
எதிரி நாட்டுக் குடிமக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின், மன உறுதியைக் குலைப்பதையே குறியாகக் கொள்ளுமாறு பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைக்கு 1942 பிப்ரவரி 14 அன்று ஆணை பிறந்தது. ஜெர்மனிக்குள் காலடி வைக்க முடியாத நிலையில், அங்குள்ளவர்களின் மனநிலையை லண்டனில் இருந்தவர்கள் எதைக் கொண்டு கணித்தார்கள்?

மறுமொழி 1:
நடுநிலை நாட்டுத் தூதர்களின் தகவல்கள், ஸ்வீடன், சுவிட்சர்லாந்து பத்திரிகைகள், போர்க்கைதிகளிடம் நடத்திய விசாரணை ஆகியவை கையில் இருந்தன. ஆனால் கணக்கின் அடித்தளம் பிரிட்டனிலேயே போடப்பட்டது என்பதுதான் விந்தை. ஜெர்மானிய விமானங்கள் தாக்கிய ஹல், பர்மிங்காம் நகரங்களை சாலி சுக்கர்மேன், ஜே. டி. பெர்னால் ஆகிய விஞ்ஞானிகளின் குழு ஆராய்ந்தது. குண்டு விழுந்த இரவில் தங்களுக்கு என்ன நேர்ந்தது என்று ஹல் பள்ளிக் குழந்தைகள் எழுதிய கட்டுரைகளைக்கூடச் சேகரித்தார்கள். மன உறுதி குலைந்ததற்கு இரு நகரங்களிலும் சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. அந்த அறிக்கை நிறைவு பெறுமுன்பே, மார்ச் 30 அன்று, பிரதமர் சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகரான செர்வெல் பிரபு அதே ஆய்வைத் துணைக்கு அழைத்து, உற்றார் இறப்பதைவிட வீடு இடிவதே மக்களை அதிகம் பாதிக்கிறது என்றும், ஜெர்மானியரில் மூன்றில் ஒரு பங்கினரை வீடற்றவர்களாக்கலாம் என்றும் சர்ச்சிலுக்குக் குறிப்பு எழுதினார்.

மறுமொழி 2:
விஞ்ஞானி ஹென்றி டிசார்ட் செர்வெலின் அந்தக் கணக்கு ஐந்து மடங்கு மிகை என்றார். இன்னொரு விஞ்ஞானியான பேட்ரிக் பிளாக்கெட் ஆறு மடங்கு என்றார். ஆனால் சர்ச்சை பெரும்பாலும் எத்தனை வீடுகள் இடியும் என்பதையே சுற்றி வந்தது. வீடிழந்தவர் போரைக் கைவிடுவாரா என்ற கேள்வி ஓரமாகவே நின்றது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் ஜெர்மானியரின் மனம் தளரவே இல்லை என்று கொள்ளலாமா?

மறுமொழி 3:
அப்படிக் கொள்ளக் கூடாது, ஐயா. 1943 ஜூலையில் ஹாம்பர்க் எரிந்தபோது, இதுபோல் இன்னும் ஆறு நகரங்கள் அழிந்தால் ஆயுத உற்பத்தி நின்றுவிடும் என்று ஜெர்மனியின் ஆயுத அமைச்சர் ஆல்பர்ட் ஸ்பியரே ஹிட்லரிடம் எச்சரித்தார். 1945-இல் குண்டுவீச்சின் விளைவுகளை ஆராய்ந்த அமெரிக்கக் குழு ஆயிரக்கணக்கான ஜெர்மானியரைப் பேட்டி கண்டபோது, சோர்வும் தோல்வி உணர்வும் பரவியிருந்தது உறுதியாயிற்று. எனினும் மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட நகரங்களில் மன உறுதி, ஓரளவு தாக்கப்பட்டவற்றைவிடப் பெரிதாகத் தாழ்ந்திருக்கவில்லை. என் பார்வையில், கணித்தவர்கள் மனச்சோர்வையும் நடத்தையையும் ஒன்றாகக் கொண்டதே அடிப்படைப் பிழை. நம்பிக்கை இழந்தவரும் மறுநாள் ஆலைக்குப் போனார். கெஸ்டாபோ என்ற ரகசியக் காவல்துறை மீதான அச்சம் ஒருபுறம், கூலியும் பங்கீட்டு அட்டையும் மறுபுறம். வீடிழந்தவருக்கோ சூடான உணவும் மாற்றுத் துணியும் தந்தது நாஜிக் கட்சியின் நல அமைப்பு. நாஜி ஆட்சியிலிருந்து யாரைப் பிரிக்கலாம் என்று செர்வெல் நினைத்தாரோ, அவர்களே அந்த ஆட்சியின் வாசலிலேயே வரிசையில் நின்றார்கள்.