'கலர்'னா செவப்புதானே சார்? – பிளஸ் ஒன் வகுப்புக்கு உதவி தேவை

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் ஆங்கிலம் எடுக்கிறேன். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் 1928இல் எழுதிய 'ஹௌ இட் ஃபீல்ஸ் டு பி கலர்டு மீ' கட்டுரையை ஆரம்பித்தேன். தலைப்பிலேயே வண்டி நின்றுவிட்டது. "கலர்னா செவப்புதானே சார்?" என்றாள் ஒருத்தி. 'பொண்ணு நல்ல கலர்' என்று நாம் சொல்வது அதைத்தானே! அன்றைய அமெரிக்காவில் அது கறுப்பின மக்களைக் குறித்த சொல், இன்று அப்படிச் சொன்னால் அவமரியாதை என்று விளக்கவே பாதி வகுப்பு போனது.

கறுப்பர்கள் மட்டுமே வாழ்ந்த ஈட்டன்வில் ஊரிலிருந்து 13 வயதில், வெள்ளையரும் வாழ்ந்த ஜாக்சன்வில் நகரத்துக்குப் போன பிறகுதான் தான் 'கலர்டு' சிறுமி ஆனதாக ஹர்ஸ்டன் எழுதுகிறார். அதைப் படித்ததும் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) லைன்வீட்டிலிருந்து வரும், இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் குடும்பத்து மாணவி, "பெரிய ஸ்கூலுக்கு மாறினப்பதான் சார் நான் சிலோன்காரி ஆனேன்" என்றாள். வகுப்பு கப்சிப். நானும்தான்.

இங்கேதான் உதவி வேண்டும். அவளைக் காட்சிப்பொருள் ஆக்காமல், அமெரிக்க இனப் பாகுபாட்டையும் நம்மூர் கதையையும் ஒன்றென்று குழப்பாமல், இதை எப்படிக் கொண்டுபோவது?

இன்னொன்று. கட்டுரையின் கடைசியில் ஹர்ஸ்டன் தன்னை ஒரு பழுப்புப் பைக்கு ஒப்பிடுகிறார். உள்ளே உடைந்த கண்ணாடி, வளைந்த ஆணி, இன்னும் லேசாக மணக்கும் காய்ந்த பூ. ஏன் இந்தச் சாமான்கள் என்று கேட்டால், "எல்லாரும் சமம் சார்" என்று பரீட்சை விடை வருகிறது. வரிக்குள் இறங்க வைக்க என்ன செய்கிறீர்கள்?

பணித்தாள் இருந்தால் வெள்ளிக்குள் போடுங்கள். பிரிண்ட் எடுக்க டவுனுக்குப் பஸ் ஏறணும்.