நோய் தம்பிக்கு, சோதனை எனக்கும்: வில்சன் நோயும் ஏடிபி7பி மரபணுவும் – அனுபவப் பகிர்வு

ஓர் அக்கா எழுதுவது:

தம்பிக்கு 16 வயது நடந்துகொண்டிருந்தபோது அவனுடைய கையெழுத்து சிதையத் தொடங்கியது. வரியின் தொடக்கத்தில் உருண்டு திரண்டிருக்கும் எழுத்துகள், வரி முடிவதற்குள் சிறுத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கடைசிச் சொல்லைப் படிக்கவே முடியாமல் போய்விடும். பேச்சு குழறியது, சட்டென்று கோபம் வந்தது, மதிப்பெண்கள் சரிந்தன. படிப்பில் அக்கறை இல்லை என்று வீட்டில் எல்லோரும் அவனைக் கடிந்துகொண்டோம், நானும்தான். முதலில் பார்த்த மருத்துவர் மன அழுத்தம் என்றார். அதற்கான மாத்திரைகளிலேயே ஏறத்தாழ ஓராண்டு போயிற்று.

பிறகு சென்ற நரம்பியல் மருத்துவர் அவனைக் கைகளை முன்னே நீட்டச் சொன்னார். விரல்கள் நடுங்குவதைச் சற்று நேரம் கவனித்துவிட்டு, அன்றே கண் மருத்துவரிடம் அனுப்பினார். ஸ்லிட் லேம்ப் கருவியின் வழியே பார்த்தபோது, கருவிழியின் விளிம்பைச் சுற்றிப் பச்சையும் பழுப்பும் கலந்த மெல்லிய வளையம் தெரிந்தது. அது செம்பு படிவதால் உண்டாகும் கெய்சர்–ஃபிளைஷர் வளையம். இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் ஒரு டெசிலிட்டருக்குக் குறைந்தது 20 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். அவனுக்கு 6தான் இருந்தது. 24 மணி நேரமும் ஒரே கேனில் சேர்த்துக் கொடுத்த சிறுநீரில் செம்பின் அளவு 100 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. நரம்பியல் மருத்துவர் கின்னியர் வில்சன் 1912இல் விவரித்த, அவர் பெயராலேயே வழங்கும் நோய் இது என்பதை அன்றுதான் அறிந்தோம்.

மருத்துவர் ஒரு தாளில் கல்லீரலை வரைந்து விளக்கியது இன்றும் நினைவில் இருக்கிறது. 13ஆம் குரோமோசோமில் உள்ள ஏடிபி7பி என்னும் மரபணு, கல்லீரல் செல்லுக்குள் செம்பைக் கடத்தும் ஒரு புரதத்தை உருவாக்குகிறது. உடலுக்குத் தேவையான செம்பைச் செருலோபிளாஸ்மினில் ஏற்றி இரத்தத்துக்கு அனுப்புவதும், மிஞ்சியதைப் பித்தநீரில் வெளியேற்றுவதும் அந்தப் புரதத்தின் வேலை. அது பழுதுபட்டால் செம்பு வெளியேற வழியின்றிக் கல்லீரலில் தேங்கி, ஒரு கட்டத்துக்கு மேல் இரத்தத்தில் கசிந்து, மூளையிலும் கண்ணிலும் போய்ப் படிகிறது. இந்த மரபணு 1993இல்தான் அடையாளம் காணப்பட்டது.

நாங்கள் எழுந்திருக்கும் நேரத்தில் அவர் என் பக்கம் திரும்பி, “நீங்களும் சோதனை செய்துகொள்ள வேண்டும்” என்றார். எனக்கு அப்போது 21 வயது. தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மரபணுவின் பழுதுபட்ட பிரதியைப் பெற்றால்தான் நோய் வரும், ஆகவே உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று அவர் சொன்னதை நான் கணக்காகக் கேட்டேனே தவிர, எனக்கானதாகக் கேட்கவில்லை. என் கண்ணில் வளையம் இல்லை. செருலோபிளாஸ்மின் 17, நோயில்லாமல் ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்கும் இருக்கக்கூடிய அளவு. முடிவைச் சொன்னது மரபணுச் சோதனைதான். தம்பியிடம் கண்டறிந்த 2 மாற்றங்களும் என்னிடம் அப்படியே இருந்தன. கல்லீரல் நொதிகளும் சற்று ஏறியிருந்தன.

அன்று தொடங்கிய துத்தநாக மாத்திரையை 9 ஆண்டுகளாக எடுத்துவருகிறேன். குடல் செல்களில் செம்பைப் பிடித்துவைக்கும் மெட்டல்லோதயோனின் என்னும் புரதத்தை அது பெருக்குகிறது. அந்தச் செல்கள் உதிரும்போது செம்பும் உடலை விட்டுப் போய்விடுகிறது. எனக்கு இன்றுவரை எந்த அறிகுறியும் இல்லை. தம்பி தெளிவாகப் பேசுகிறான், ஆனால் எழுத்து முழுமையாகத் திரும்பவில்லை. எங்கள் இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு, எந்த நிலையில் மருந்து தொடங்கியது என்பது மட்டுமே. வீட்டில் ஒருவருக்கு இந்நோய் உறுதியானால், நன்றாக இருக்கும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை அத்தனை பேரையும் அதே மாதத்தில் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மருந்தை நிறுத்திப் பார்த்த ஒருவர் எழுதுவது:

எனக்கு வில்சன் நோய் முதலில் கல்லீரலில்தான் வெளிப்பட்டது. 12 வயதில் மஞ்சள் காமாலை. மருத்துவர் ஜான் வால்ஷ் 1956இல் அறிமுகப்படுத்திய, செம்பைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் பெனிசிலமின் என்னும் மருந்துதான் என்னைக் காப்பாற்றியது. வெறும் வயிற்றில் அதையும், உடன் பி6 வைட்டமினையும் எடுத்துக்கொள்வேன். 24 வயதில், எல்லா அளவுகளும் சீராக இருந்ததால், குணமாகிவிட்டது என்று நானே முடிவுசெய்து யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினேன். முதல் சில மாதங்கள் ஒன்றும் ஆகவில்லை. இதில் ஏமாற்றுவதே அதுதான். 14ஆம் மாதம் கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மாற்றுக் கல்லீரலுக்கான பட்டியலில் பெயர் சேர்க்கும் பேச்சு வரை போனது. மருந்து மீண்டும் வேலை செய்தது என் நல்வினை. அளவுகள் சீராக இருப்பது மருந்தினால்தான். மரபணு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. பக்கவிளைவு தாங்கவில்லை என்றால் டிரையன்டின் போன்ற மாற்று மருந்துகள் உண்டு, அதை மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு தாய் எழுதுவது:

மகளுக்கு வந்த வில்சன் நோய் “உங்கள் இருவரிடமிருந்தும்தான் வந்திருக்கிறது” என்று மரபணு ஆலோசகர் என்னிடமும் என் கணவரிடமும் சொன்னபோது, மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டேன். ஏறத்தாழ 90 பேரில் ஒருவர் இத்தகைய மாற்றத்தை அறியாமலே சுமக்கிறார்கள் என்று அவர் சொன்ன பிறகும் அந்தக் குற்றவுணர்வு கரைய நெடுநாள் ஆயிற்று. மகள் கேட்ட கேள்வி வேறு: தனக்குப் பிறக்கும் குழந்தைக்கும் வருமா? குழந்தை அவளிடமிருந்து ஒரு பழுதான பிரதியைக் கட்டாயம் பெறும். கணவரும் அத்தகைய ஒன்றைச் சுமந்தால்தான் நோய் வரக்கூடும். ஆகவே வாய்ப்பு சுமார் 200இல் ஒன்று, அதையும் முன்கூட்டியே சோதித்து அறியலாம் என்றார் ஆலோசகர். கர்ப்ப காலத்திலும் மருந்தை நிறுத்தக் கூடாது, அளவை மட்டும் மருத்துவர் மாற்றுவார் என்று அவர் சொன்னதை, மகள் தன் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டுக்கொண்டாள்.