நார்மாலிட்டிக்குத் தமிழ்ச்சொல் தேவை

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்பு வேதியியல் ஆய்வகக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நார்மாலிட்டியில் நின்றுவிட்டேன். ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை கிராம்-சமான எடை (வினையில் ஒன்றுக்கு ஒன்று ஈடாகும் எடை) கரைந்திருக்கிறது என்பதே பொருள். 'இயல்புச்செறிவு' என்று எழுதினேன். அதைப் படித்துப் பார்த்த மாணவி, "0.1 என்றால் இயல்பைவிடக் குறைந்ததா?" என்று கேட்டாள்.

மறுமொழி:
ஐயா, மாணவி கேட்டது முறையான கேள்வி. வேருக்குப் போவோம். இலத்தீனில் 'நார்மா' என்பது தச்சரின் மூலைமட்டம். வளைவரைக்குச் 'செங்கோடு' வரைகிறோமே, அதுவும் அந்த நார்மல்தான். இலங்கைப் புள்ளியியல் நூல்களில் 'நார்மல் டிஸ்ட்ரிபியூஷன்' என்பதற்குச் 'செவ்வன் பரம்பல்' நிலைத்துவிட்டது. செங்கோணம், செங்கோல், செவ்வை, செப்பம் என எங்கும் கோணாமைப் பொருள் ஓடுகிறது. 'செவ்வன்செறிவு' என்பேன்.

மறுமொழி:
சொல் அழகுதான் ஐயா. ஆனால் முப்பது ஆண்டுகளாகத் தரம்பார்த்தல் (செறிவு தெரிந்த கரைசலோடு வினைபுரியவைத்து மற்றதன் செறிவைக் காணும் முறை) சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் தடுமாறும் இடம் வேறு. ஆக்சாலிக் அமிலப் படிகத்தின் மூலக்கூறு எடை 126, காரத்துவம் (விட்டுக்கொடுக்கும் ஹைட்ரஜன் எண்ணிக்கை) 2, ஆகவே சமான எடை 63. 250 மி.லி. 0.1 நார்மல் கரைசலுக்கு 1.575 கிராம் நிறுக்க வேண்டும். இரண்டால் வகுக்க மறந்தவர் 3.15 கிராம் நிறுத்துவிடுவார். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைப் பாருங்கள். 0.02 மோலார் (லிட்டருக்கு 0.02 மோல்) கரைசல் அமில ஊடகத்தில் ஐந்து எலக்ட்ரான் ஏற்பதால் 0.1 நார்மல், மாங்கனீசு டைஆக்சைடு உண்டாகும் நடுநிலை ஊடகத்தில் மூன்றே ஏற்பதால் 0.06 நார்மல். குடுவை ஒன்று, எண் இரண்டு! வினையைப் பொறுத்து மாறும் அளவைச் 'செவ்வன்' என்றால் எப்படிப் புரியும்? சமான எடையைக் கண்முன் நிறுத்தும் 'சமானச்செறிவு' போதும்.

மறுமொழி:
சமானம் வடசொல். 'நிகர்ச்செறிவு' என்று ஏன் சொல்லக்கூடாது?

மறுமொழி:
மருந்துப் புட்டியிலேயே 'நிகர எடை' என்று அச்சிட்டிருக்கிறது. அதைச் சமான எடை என்று எண்ணி மாணவர் குழம்புவார்.

மறுமொழி:
அப்படியானால் 'சமன்செறிவு'. 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்' என்று வள்ளுவர் ஆண்ட சொல்லை எவரும் மறுக்க முடியாது.

மறுமொழி:
குறளை மறுக்கவில்லை. ஆனால் சமன்செறிவு என்றால் இரு கரைசல்களின் செறிவு சமம் என்றே மாணவர் கொள்வார். என்னைக் கேட்டால் மோலை மோல் என்றே வைத்துக்கொண்டதுபோல் நார்மாலிட்டியையும் விட்டுவிடலாம். உலக வேதியியல் அமைப்பான ஐயூபேக்கே இந்த அளவை ஊக்குவிப்பதில்லை.

மறுமொழி:
ஊக்குவிக்காவிட்டாலும் நம் ஆய்வகங்களில் பியூரெட்டை (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் அளவுக்குழாய்) பிடிக்கும் பிள்ளைக்கு இன்றும் அதுதான் கணக்கு. அவர்களுக்குச் சொல் வேண்டும்.

மறுமொழி:
'சமானச்செறிவு' என்பதையே எடுத்துக்கொள்கிறேன். முதல் இடத்தில் அடைப்புக்குறிக்குள் நார்மாலிட்டி சேர்த்து, அதையே அனுப்புகிறேன். நன்றி.

மறுமொழி:
அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் சிக்கல் 'சமான எடை'யிலேயே தொடங்குகிறது. ஒன்றுக்கு ஒன்று ஈடாக வினைபுரியும் எடை 'ஈட்டெடை' அல்லவா? அதை ஏற்றால் 'ஈட்டுச்செறிவு' தானே வரும். அடுத்த பதிப்புக்குள் இதற்கு விடை சொல்லுங்கள்.