கைபேசித் தொழிலில் லாபம் யாரிடம் தங்குகிறது?

பனசங்கரி மாணவி:
அனைவருக்கும் வணக்கம். பெங்களூருவில் வணிக மேலாண்மை படிக்கிறேன். உலகில் விற்கும் ஸ்மார்ட்போன்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான் ஆப்பிளுடையது. ஆனால் இத்தொழிலின் லாபத்தில் பெரும்பகுதி அந்நிறுவனத்துக்கே போகிறது. சீனாவின் ஷாவ்மியோ, 2017 இறுதியில் இந்தியச் சந்தையில் முதலிடம் பிடித்தது; வன்பொருளில் 5 சதவீதத்துக்கு மேல் நிகர லாபம் எடுப்பதில்லை என்று 2018-இல் அறிவித்தது. விற்பனையும் லாபமும் ஏன் இப்படிப் பிரிந்து நிற்கின்றன?

ஒயிட்ஃபீல்டு பொறியாளர்:
ஆண்ட்ராய்டு கைபேசி தயாரிப்பவர்களில் பெரும்பாலோர் இயங்குதளத்தைக் கூகுளிடமும், சிப்பைக் குவால்காம் அல்லது மீடியாடெக்கிடமும் பெறுகிறார்கள். எல்லோர் கையிலும் ஒரே சரக்கு இருக்கும்போது, ஒருவர் ஆயிரம் ரூபாய் குறைத்தால் மற்றவரும் குறைத்தாக வேண்டும். ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் வேண்டும் என்பவருக்கோ ஆப்பிளை விட்டால் வேறு வழி இல்லை. கைபேசியை விற்ற பிறகும் அந்த வாடிக்கையாளரிடமிருந்து வருமானம் வந்துகொண்டே இருப்பதுதான் இதில் முக்கியம் என்று நான் கருதுகிறேன். 2024 நிதியாண்டில் ஆப்பிளின் மொத்த லாப விகிதம் (விற்பனை வருவாயில் நேரடிச் செலவு போக மிஞ்சும் பங்கு) பொருள்களில் ஏறக்குறைய 37 சதவீதம். ஆப் ஸ்டோர், ஐகிளவுட் போன்ற சேவைகளில் 74 சதவீதம். ஆப்பிளின் இணைய உலாவியான சஃபாரியில் தன் தேடுபொறியே முதலில் நிற்பதற்காகக் கூகுள் 2022-இல் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. அந்தப் பணத்துக்கு ஆப்பிள் ஒரு திருகாணிகூடச் செய்ய வேண்டியதில்லை. சாம்சங்கின் வழி வேறு: திரையையும் நினைவகச் சிப்பையும் போட்டியாளர்களுக்கே விற்பதால், ஐபோன் விற்றாலும் அதற்கு ஒரு பங்கு வந்துவிடுகிறது.

சிவாஜிநகர் கடைக்காரர்:
கடையிலும் இதே கணக்குதான். 15,000 ரூபாய் கைபேசியை விற்றால் கையில் நிற்பது சொற்பம். கூடவே போகும் டெம்பர்டு கிளாசும் பின்கவரும்தான் கடை வாடகையைக் கட்டுகின்றன. ஷாவ்மி ஆன்லைனில் வளர்ந்த காலத்தில் விவோவும் ஒப்போவும் எங்களைப் போன்ற கடைகளுக்கு நல்ல கமிஷன் கொடுத்து, வாசலில் பலகை மாட்டி, விற்பனையாளரையும் நிறுத்தி இடம் பிடித்தன. அந்தச் செலவும் லாபத்திலிருந்துதான் போகிறது.

பனசங்கரி மாணவி:
மிக்க நன்றி. அப்படியானால் விற்பனை எண்ணிக்கை முக்கியமே இல்லையா?

ஒயிட்ஃபீல்டு பொறியாளர்:
முக்கியம்தான். எண்ணிக்கை குறைந்தால் உதிரிபாகங்களைப் பேரம்பேசி வாங்க முடியாது. ஆராய்ச்சிச் செலவும் ஒவ்வொரு கைபேசியின் தலையிலும் கூடுதலாக ஏறும். நல்ல கைபேசிகளைச் செய்த எல்ஜி, பல ஆண்டுகள் தொடர்ந்து நட்டப்பட்டு 2021-இல் இத்தொழிலை விட்டது. ஆனால் எண்ணிக்கை மட்டும் காப்பாற்றாது என்பதற்கு மைக்ரோமேக்ஸைப் பாருங்கள். ஒரு காலத்தில் இந்தியச் சந்தையில் சாம்சங்குக்கு அடுத்த இடத்தில் இருந்த அந்த இந்திய நிறுவனம் சீனத் தயாரிப்புகளைத் தன் பெயரில் விற்றது. சீன நிறுவனங்களே நேரடியாக இங்கு வந்தபோது, வாடிக்கையாளரைப் பிடித்து நிறுத்த அதனிடம் சொந்தமாக எதுவும் இருக்கவில்லை.