மணற்காட்டில் கண்ட சங்கு நண்டுகள்

நெடுந்தீவில் இரவு வேளையில், வெற்றுச் சங்குகளுக்குள் குடியிருக்கும் சங்கு நண்டுகளைக் கண்டதாக ஓர் அண்ணா இங்கே எழுதியிருந்தார். அதை வாசித்ததும், பத்து வயதில் நான் அறியாமல் செய்த பிழையையும் எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது.

மணற்காட்டுக் கடற்கரையில் பெரியப்பாவின் மீன்வாடிக்கு அருகே, அடம்பன் கொடிகளுக்குள் ஒரு நண்டைப் பிடித்து, மண் நிரப்பிய பிஸ்கட் பேணியில் வளர்த்தேன். இரவில் தேங்காய்ச் சொட்டும் கருவாட்டுத் துண்டும் தின்னும். பகலில் சங்குக்குள் ஒடுங்கி, பெரிதான இடது கொடுக்கினால் வாசலை அடைத்துக்கொள்ளும். மூன்றாம் கிழமை அது மண்ணுக்குள் புதைந்தது. நான்கு நாள் பொறுத்திருந்துவிட்டு, செத்துப்போயிற்று என்று எண்ணித் தோண்டினேன். வெளிறிய மென்மையான உடலும், பக்கத்தில் வெறும் கோதும் இருந்தன. மறுநாள்தான் அது உண்மையாகவே இறந்தது.

அது தோலுரித்துக்கொண்டிருந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். வளர வேண்டுமானால் உடலை மூடியுள்ள பழைய ஓட்டைக் கழற்ற வேண்டும். புதியது இறுகும்வரை எவருக்கும் எளிதில் இரையாகிவிடும் என்பதால், ஈர மணலுக்குள் வாரக்கணக்கில் மறைந்து, கழற்றிய ஓட்டையே தின்று அதிலுள்ள சுண்ணச்சத்தை மீட்டுக்கொள்கிறது. தரையில் வாழ்ந்தாலும் மூச்சு விடுவது பூக்களால்தான் (செவுள்களால்தான்). அவை காயாதிருக்கச் சங்குக்குள் சிறிது நீரைச் சுமந்து திரிகிறது. முட்டை பொரிக்கும் தறுவாயில் தாய் நண்டு அலையோரம் சென்று அவற்றைக் கடலில் விடும். குஞ்சுகள் சில வாரங்கள் கடலில் மிதந்து வளர்ந்த பின்னரே ஒரு சிறு ஊரியை (சிறிய சங்கை)த் தேடிக்கொண்டு கரையேறுகின்றன.

சென்ற ஆண்டு மகளுடன் அதே கரைக்குப் போனபோது, பிளாஸ்டிக் போத்தல் மூடியொன்றைச் சுமந்து ஒரு நண்டு ஊர்ந்தது. வலப்புறம் சுருண்ட அதன் வயிறு, சுருள் சங்குக்கென்றே அமைந்தது. மூடி அதன் பாதியைக்கூட மறைக்கவில்லை. மகள் வீட்டுக்குக் கொண்டுபோகப் பொறுக்கிய ஊரிகளில் மூன்றை அதன் முன்னே வைத்தாள். நண்டு ஒவ்வொன்றையும் உணர்கொம்புகளால் தடவி, கொடுக்கை உள்ளே விட்டு அளந்து, ஒன்றிலிருந்த மணலை உருட்டிக் கொட்டியது. பிறகு கண்ணிமைக்கும் நேரத்தில் தன் மென்மையான பின்னுடலை அதற்குள் செருகியது. மகள் பையிலிருந்த மற்ற ஊரிகளையும் தாழைப் பற்றையின் அடியில் கொட்டிவிட்டு, மூடியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள்.