ஆறு லெக் சும்மா கிடக்கு, 1:8 ஸ்ப்ளிட்டரை மாத்தினா லைட் ஏறுமா?

கேள்வி:
தேனி பக்கம் கேபிளும் நெட்டும் நடத்துறேன். ஜிபான் (ஃபைபர் நெட்) லைன். லைட்டை அனுப்புற ஓஎல்டி பெட்டியோட போர்ட்ல +3.5 டிபிஎம் (லைட்டோட அளவு, மைனஸ் கூடக் கூட மங்கல்). 4 கிலோமீட்டர் தள்ளி ஜங்ஷன் பாக்ஸ்ல லைட்டை எட்டாப் பிரிக்கிற 1:8 ஸ்ப்ளிட்டர் ஒண்ணு, அதுலேர்ந்து தெருவுக்கு ஒரு 1:8. மத்த தெருவெல்லாம் -20. கடைசித் தெருவுல இருக்கிற ரெண்டு வீட்டுலயும் -29, மோடத்துல சிவப்பு லைட் மின்னுது. அந்தத் தெரு ஸ்ப்ளிட்டர்ல மிச்ச ஆறு லெக் (வெளிய போற ஃபைபர்) காலிதான். 1:2 போட்டுடலாமா அண்ணே?

பதில்:
தம்பி, அவசரப்படாதீங்க. காலி லெக்கை மூடி வச்சாலும் அதுக்குள்ள போற வெளிச்சம் போய்க்கிட்டுதான் இருக்கும். ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டும் கிடையாது, எந்த லெக்ல வீடு இருக்குன்னும் தெரியாது. எட்டாப் பிரிச்சா லைட் குறையுறது கணக்குப்படி 9 டிபி, நடைமுறையில 10.5 வரைக்கும் போகும். வீட்டுலேர்ந்து திரும்பி வர்ற 1310 நானோமீட்டர் அலைநீள லைட்டுக்கும் இதே லாஸ்தான்.

உங்க கணக்கைப் போடுவோம். 3.5-ல ரெண்டு ஸ்ப்ளிட்டருக்கு 21, ஃபைபருக்கு 1, கனெக்டர், ஸ்ப்ளைஸுக்கு (ஃபைபர் ஒட்டுக்கு) ஒன்றரை. -20 வரணும். மத்த தெருவுல அதான் வருது. அப்போ இங்க 9 டிபி வேற எங்கயோ போகுது. 1:2 போட்டா 7 டிபி மிச்சமாகி -22 வந்துடும், சிவப்பு லைட்டும் அணையும். ஆனா கோளாறு அப்படியே உள்ளேயே கிடக்கும், மூணாவது வீடு கேட்டா லெக் இருக்காது.

ரெண்டு வீட்டுலயும் ஒரே அளவு குறையுறதால வீட்டு டிராப் வயர் மேல எனக்குச் சந்தேகமில்ல. மீட்டரை 1490-ல (வீட்டுக்கு வர்ற லைட்டோட அலைநீளம்) வச்சு, தெரு ஸ்ப்ளிட்டருக்குள்ள வர்ற லைட்டைப் பாருங்க. -9 கிட்ட இருக்கணும்.

இன்னொருத்தர்:
பச்சைக் கனெக்டரை நீல அடாப்டர்ல சொருகியிருக்காங்களான்னும் பாருங்க. முனை ஒண்ணு சாய்வு, ஒண்ணு நேர். நடுவுல இடைவெளி விழுந்து லைட் போயிடும்.

கேட்டவர்:
உள்ள வர்றதே -18 அண்ணே. கனெக்டர் எல்லாம் பச்சைதான்.

பதில்:
அப்போ தெரு ஸ்ப்ளிட்டர் மேல குத்தமில்ல. ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து, அந்தத் தெருவுக்குப் போற லெக்ல சிவப்பு லேசர் அடிங்க. எங்க ஒளி கசியுதோ அங்கதான் மடிப்பு. 1310-ஐ விட 1550-ல லாஸ் கூடக் காட்டினாலும் அது மடிப்புதான்.

கேட்டவர்:
மூடிக் கீல்ல லெக் நசுங்கி, அந்த இடம் மட்டும் சிவப்பா எரிஞ்சுது. வெட்டி ஸ்ப்ளைஸ் போட்டாச்சு. உள்ள -9.1, வீட்டுல -20.

பதில்:
நல்லது தம்பி. அந்த -9.1-ஐத் தேதியோட மூடிக்கு உள்பக்கம் மார்க்கர்ல எழுதிடுங்க. அடுத்து ஏறுற பையனுக்கு உதவும்.